சவ்வாஸ் எழுதாமல் விட்ட சிவப்பு

சவ்வாசுக்குக் கோபம் வந்தால் முதலில் உடைவது நாணல் பேனா. கோபத்தில் பேனாவை உடைத்தவன் முப்பது தடவை தரையில் விழுந்து கும்பிட வேண்டும் என்பது மடத்து விதி. அதை யாரை நினைத்து எழுதி வைத்தார்களோ தெரியாது, ஏரிக்கு மேலே மலைச்சரிவில் இருந்த எங்கள் சின்ன மடத்தில் முப்பத்தெட்டு வருஷமாக அந்த விதியைத் தனியாளாகச் சுமந்தவர் அவர்தான். "அண்ணனுக்கு முழங்கால் தேஞ்சது பக்தியில இல்ல, பேனாவுல" என்று சமையற்கட்டு பம்போ எல்லார் முன்னாலும் சொல்லிச் சிரிப்பார். சவ்வாஸ் அதற்கும் முறைப்பார்.

அவர் ஏரிக்கரை மீனவர் வீட்டுப் பிள்ளை. அப்பன் படகை மூத்த பிள்ளையான இவருக்குக் கொடுக்காமல் இளையவனுக்குக் கொடுத்தான். அன்றைக்கே சட்டென்று கிளம்பி மலையேறியவர், அப்புறம் கீழே இறங்கவில்லை. மீன் வாசனை போகாத கையோடு வந்தவரை மடம் தோல் சுரண்ட வைத்தது, கோடு போட வைத்தது, கடைசியில் எழுத வைத்தது. அந்தக் கை எழுத்துக்கென்றே பிறந்ததாம், பழைய தலைவர் சொல்வார். பதினேழு புத்தகம் எழுதினார். சங்கீதம், நிருபங்கள், நற்செய்தி எல்லாம் கறுப்பு மையில், அவர் கையால். இத்தனைக்கும் தம்பி இன்னும் படகோட்டுகிறான் என்று யாராவது சொன்னால் போதும், அன்றைக்கு ஒரு பேனா போச்சு.

அறுபத்தொரு வயதில் அவர்தான் மடத்தில் மூத்தவர். தலைவர் மெலெத்தியோசுக்கே அவரைவிட நாலு வயது குறைவு, அதனால் தலைவரும் அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவார். அந்த வருஷம் திராட்சை அறுப்பு முடிந்த கையோடு தலைநகரத்திலிருந்து அந்திமோஸ் வந்து சேர்ந்தான். முப்பத்திரண்டு வயது, அடர்ந்த தாடி, பெரிய மடத்தில் எழுதிப் பழகிய கை. வந்த ஏழாம் நாள் தலைவர் சவ்வாசைக் கூப்பிட்டார்.

"அண்ணே, புது நற்செய்தி நூலை அந்திமோஸ் எழுதட்டும்னு பாக்கறேன்."

"எழுதட்டுமே. நான் எந்த ஊருக்குப் போகணும்?"

"ஊருக்கெல்லாம் ஏன் போறீங்க? சிவப்பு உங்களோடது."

"சிவப்பா!"

"தலைப்பு, முதலெழுத்து, ஓரக்குறிப்பு எல்லாம் நீங்கதான். கறுப்புல உங்க வரி கோட்டை விட்டுக் கீழ இறங்குது அண்ணே. போன சங்கீதப் புத்தகத்துல பாத்தேன்."

"என் கண்ணுல ஒரு கோளாறும் இல்ல சாமி. அந்தத் தோலு வழவழன்னு இருந்துச்சு."

எங்கள் எழுத்து கோட்டின்மேல் உட்காராது, கோட்டைப் பிடித்துக்கொண்டு கீழே தொங்கும். கோடு கண்ணுக்குத் தெரியாவிட்டால் எழுத்து எதைப் பிடிக்கும்? சவ்வாசுக்குத் தெரியாதா என்ன! இன்னும் ஒரு புத்தகம், அதிகம் போனால் ஒன்றரைப் புத்தகத்துக்குத்தான் அந்தக் கண்ணில் வெளிச்சம் இருந்தது. அந்த ஒன்றைத்தான் நேற்று வந்தவனுக்குத் தூக்கிக் கொடுத்தார்கள். மறுபடியும் படகு இளையவனுக்கே போனது. அன்று சாயங்காலம் முப்பது கும்பிடு.

குளிர்காலம் முழுக்க இருவரும் ஒரே அறையில், ஒரே ஜன்னல் வெளிச்சத்தில் வேலை செய்தார்கள். அந்திமோஸ் கறுப்பில் எழுதி முடித்த ஏடுகள் காய்ந்ததும் சவ்வாஸ் மேஜைக்கு வரும். அவர் சாதிலிங்கத்தை அரைத்து, முட்டை வெள்ளைக்கரு கலந்து, கிளிஞ்சலில் ஊற்றி வைத்துக்கொண்டு சிவப்பு வைப்பார். ஒவ்வொரு ஏட்டிலும் பிழை தேடினார். ஒரு புள்ளி தப்பாதா, ஒரு வரி கோணாதா என்று மூக்கு தோலில் இடிக்கும்வரை குனிந்து பார்த்தார். அந்தப் பாவி ஒன்றையும் தப்பவிடவில்லை. பொறாமையில் நல்ல கஞ்சி குடித்தாலும் நெஞ்சைக் கரித்தது.

அந்திமோஸ் ஒன்றும் புனிதன் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். கேட்காமல் அடுத்தவர் கத்தியை எடுப்பான். எழுதும்போது மூக்கால் பாடுவான். வாயைத் திறந்தால் "தலைநகரத்துல நாங்க" என்றுதான் ஆரம்பிப்பான். ஆனால் பாட்டென்றால் பாட்டுதான். கிறிஸ்து பிறப்புத் திருவிழாவில் அவன் குரலைக் கேட்ட பிறகு மடமே அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. தை மாதக் குளிரில் ஆயர் ஆளனுப்பி அவனைத் திருத்தொண்டனாக்கினார். இனிமேல் பலிபூசையில் நற்செய்தி வாசிப்பதும் அவன்தான். பம்போ அவன் தட்டில் ஏழு ஆலிவ் வைத்ததைச் சவ்வாஸ் எண்ணினார். தன் தட்டில் ஐந்து.

"ஏன்யா, எனக்கென்ன வாய் சின்னதா?"

"அண்ணே, அவன் பாடுறான். தொண்டைக்கு எண்ணெய் வேணும்ல?"

"என் தொண்டைல என்ன மண்ணா இருக்கு?"

"நீங்க பேசுறதக் கேட்டா சில நேரம் அப்படித்தான் தோணுது" என்றார் பம்போ.

ஈஸ்டர் முடிந்த வாரம் ஆயரிடமிருந்து சேதி வந்தது. பெந்தெகொஸ்தே திருவிழாவுக்கு அவரே வருகிறார், புது நூலிலிருந்து முதல் வாசகத்தைக் கேட்கிறார். தன் பேராலயத்துக்கும் அதே மாதிரி ஒரு நற்செய்தி நூல் வேண்டுமாம், யார் எழுதுவது என்று பார்த்துவிட்டுச் சொல்வாராம். அதைக் கேட்டதிலிருந்து சவ்வாசுக்குத் தூக்கம் போயிற்று. ஆயரின் புத்தகம்! அது தன் கையில் வந்தால், கண்ணில் மிச்சமிருக்கும் வெளிச்சத்தை அதில் இறக்கிவிட்டு நிம்மதியாகக் கண்ணை மூடலாம். ஆனால் அந்திமோஸ் இருக்கும்போது அவரை யார் கேட்பார்கள்? அந்த ஆறு வாரத்தில் நாலு பேனா உடைத்தார். ஈஸ்டரிலிருந்து பெந்தெகொஸ்தேவரை யாரும் மண்டியிடக்கூடாது என்பதால் கும்பிடெல்லாம் திருவிழாச் சாயங்காலத்துக்குத் தள்ளிப்போனது.

யோவானின் ஏழாம் அதிகாரம் அவர் மேஜைக்கு வந்தது அப்போதுதான்.

பெந்தெகொஸ்தே வாசகம் அங்கேதான் இருக்கிறது. தலைநகரத்துப் பெரிய ஆலயங்களில் அந்தந்த நாளுக்கு உரிய பகுதியை அப்படியே தனியாக எழுதி வைத்த வாசகப் புத்தகம் உண்டு, கண்ணை மூடிக்கொண்டு படித்துப் போகலாம். எங்களைப் போன்ற ஏழை மடங்களில் நாலு நற்செய்தியும் முதலிலிருந்து கடைசிவரை ஓடும் ஒரே புத்தகம்தான். ஓரத்தில் சிவப்பாக 'தொடக்கம்' என்று இருந்தால் தொடங்க வேண்டும், 'முடிவு' என்று இருந்தால் நிறுத்த வேண்டும். பெந்தெகொஸ்தேவுக்கு மட்டும் நடுவில் ஒரு 'தாண்டு' வரும். பரிசேயர்கள் சண்டை போட்டு முடித்ததும், விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணின் கதையை விட்டுவிட்டு, இயேசு தன்னை உலகத்தின் ஒளி என்று சொல்லும் வரிக்குப் போக வேண்டும். அந்தக் கதைக்கு வேறு நாள் இருக்கிறது, அதுவும் முன்பு பாவியாயிருந்த ஏதோ ஒரு புனிதையின் சின்னத் திருநாள்.

சவ்வாஸ் 'தொடக்கம்' எழுதினார். அழகாக எழுதினார். அடுத்த ஏட்டில் 'முடிவு' எழுதினார். பிறகு நடுவில் 'தாண்டு' எழுத வேண்டிய இடத்துக்குத் திரும்பி வந்து, பேனாவைக் கிளிஞ்சலில் தோய்த்து, எடுத்து, பிடித்தபடியே இருந்தார். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அந்திமோஸ் மூக்கால் பாடிக்கொண்டிருந்தான். ஆயர் முன்னால், ஊரே கூடிய திருவிழாவில், இவன் தப்பான கதையைப் படித்து மண்ணைக் கவ்வினால் எப்படி இருக்கும்! பேனா நுனியில் சிவப்பு காய்ந்தது. அவர் அதைத் துடைத்து வைத்துவிட்டு அடுத்த ஏட்டை எடுத்தார்.

நாளைக்கு எழுதிக்கொள்ளலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மறுநாள் ஏடுகள் தைக்கப் போய்விட்டன. மறந்துபோச்சு என்று சொல்லிப் பார்த்தார். அவருக்கே நம்பிக்கை வரவில்லை.

திருவிழாவுக்கு முந்தின நாள் தலைவர் அவரைப் பிடித்துக்கொண்டார். "அண்ணே, நாளைக்குப் படிக்கிற பகுதியை அந்திமோசுக்கு ஒரு தடவை காட்டிடுங்க. அவன் பழகுனது வேற மாதிரி புத்தகம்."

தட்ட முடியாமல் போய் நின்றார். "தம்பி, ஒரு தடவை படிச்சுப் பாத்துடறியா?"

அந்திமோஸ் ரொட்டியை மென்றுகொண்டே நிமிர்ந்தான். "அதான் ஓரத்துல நீங்க போட்டிருப்பீங்களே அண்ணே. உங்க சிவப்பு இருக்கறப்ப எனக்கென்ன பயம்?"

அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. "தலைநகரத்துல நாங்க எல்லாம்..." என்று அந்திமோஸ் தொடங்கினான். சவ்வாஸ் வாயை மூடிக்கொண்டு திரும்பி வந்துவிட்டார்.

மறுநாள் கோவில் தரை முழுக்க வால்நட் இலையும் பிரிஞ்சி இலையும் பரப்பியிருந்தது, மிதிக்க மிதிக்கப் பச்சை வாசனை வந்தது. ஏரிக்கரை ஊர்களிலிருந்து ஆணும் பெண்ணும் குழந்தைகளுமாக முன்மண்டபம்வரை நெருக்கியடித்து நின்றார்கள். ஆயர் சிங்காசனத்தில் உட்கார்ந்திருந்தார். அந்திமோஸ் புது நூலைத் திறந்து வாசிக்கத் தொடங்கினான். தாகமாயிருக்கிறவன் என்னிடம் வரட்டும் என்று இயேசு கூப்பிடும் இடத்தில் அவன் குரல் தூக்கிய தூக்கில் முன்மண்டபத்தில் அழுத குழந்தைகூட வாயை மூடியது. சவ்வாஸ் தூணோரம் நின்று காத்திருந்தார். பரிசேயர் பேச்சு முடிந்தது. அவன் நிற்கவில்லை. அவரவர் வீட்டுக்குப் போனார்கள் என்று நேராக அந்தப் பெண்ணின் கதைக்குள் போய்விட்டான்.

தலைவர் விசுக்கென்று நிமிர்ந்தார். ஆயரின் புருவம் உயர்ந்தது. வந்தாயிற்று, அவ்வளவுதான், தொலைந்தான்! சவ்வாசுக்கு உள்ளே குளுகுளுவென்று இருந்தது, அதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும்.

அந்திமோசுக்கும் புரிந்துவிட்டது. ஒரு மூச்சு நிதானித்தான், ஓரத்தைப் பார்த்தான், வெறுமையாக இருந்தது. எங்கே போய்ச் சேர வேண்டும் என்று தெரியாதவன் வேறென்ன செய்வான்? படித்தான். அந்தப் பெண்ணை இழுத்து வந்து நடுவில் நிறுத்தினார்கள் என்று படித்தான். இயேசு குனிந்து விரலால் தரையில் எழுதினார் என்று படித்தான். அவர் என்ன எழுதினார் என்று யாரும் பிரதி எடுக்கவில்லை. முப்பத்தெட்டு வருஷம் எழுதிய சவ்வாஸ் அந்த வரியைப் பதினேழில் ஆறு புத்தகத்தில் எழுதியிருக்கிறார், ஒரு தடவைகூட அதைப் பற்றி யோசித்ததில்லை. இப்போது அந்த விரல் தன் பெயரைத்தான் எழுதுகிறது என்று அவருக்குத் தோன்றியது. பாவமில்லாதவன் முதலில் கல்லெறியட்டும் என்ற இடத்தில் முன்மண்டபத்தில் ஒரு பெண் விம்மினாள். மனச்சாட்சி குத்தி அவர்கள் வெளியே போனார்கள், மூத்தவர் தொடங்கி ஒவ்வொருவராக, என்று படித்தான் அந்திமோஸ்.

சவ்வாசின் கால் தானாக நகர்ந்தது. இலைகள் சரசரக்க, தலை குனிந்தபடி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவர் வெளியே நடந்தார். அத்தனை பேரும் பார்த்தார்கள். மடத்தில் மூத்தவர், அந்த வரியில், முதல் ஆளாக வெளியே போனார்.

பூசை முடிந்ததும், வெளியே கிணற்றடியில் உட்கார்ந்திருந்தவரிடம் தலைவர் வந்து நின்றார். "என்ன அண்ணே, வயிறு சரியில்லையா?"

"ஆமா சாமி. வயிறுதான்."

தலைவர் அவரையே உற்றுப் பார்த்தார். பிறகு ஆயரை விருந்துக்குக் கூப்பிடப் போனார்.

விருந்தில் ஏரி மீன் வைத்தார்கள், யாருக்கும் இறங்கவில்லை. எல்லார் முன்னாலும் ஆயர் கேட்டார், "ஏம்ப்பா, ஓரத்துல குறி இல்லையா?"

சவ்வாஸ் முகத்தில் ஈயாடவில்லை. அந்திமோஸ் அவர் பக்கம் திரும்பக்கூட இல்லை. "இருந்துச்சு சாமி. நான்தான் பாக்கல."

"நூறு கும்பிடு" என்றார் தலைவர்.

"போடட்டும்" என்றார் ஆயர். "ஆனா ஒண்ணு. தப்பான இடத்துல அவ்வளவு சரியா ஒருத்தன் படிச்சு நான் கேட்டதில்ல. இந்தக் குரல் எனக்கு வேணும், பேராலயத்துக்குக் கூட்டிட்டுப் போறேன். புத்தகத்தைப் பெரியவரே எழுதட்டும்."

அவ்வளவுதான். சவ்வாஸ் கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. அந்திமோஸ் போகிறான், கறுப்பு மை திரும்பி வருகிறது, ஆயரின் புத்தகம் அவர் கைக்கே வருகிறது. ஆறு வாரம் வேண்டிக்கொண்டது அப்படியே பலித்தது. தொண்டையில் மீன் முள் மாட்டினாற்போல அவர் விழித்தார்.

சாயங்காலம் மண்டியிடும் செபம் முடிந்ததும் கோவிலில் இரண்டு பேர் கும்பிட்டார்கள். உடைத்த பேனாக்களுக்காகச் சவ்வாஸ் நூற்றிருபது. பார்க்காத குறிக்காக அந்திமோஸ் நூறு. சவ்வாஸ் தன்னுடையதை விட்டுவிட்டு அவனுடையதைத்தான் எண்ணினார். அவன் ஒன்றைக்கூட அரைகுறையாகப் போடவில்லை. ஒவ்வொரு தடவையும் நெற்றி இலையில் பட்டது. நூறாவது முடிந்ததும் எழுந்து, நெற்றியில் ஒட்டிய இலையைத் தட்டிவிட்டு, இவரைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போனான்.

மறுநாள் விடிந்ததும் கோவேறு கழுதையில் மூட்டை ஏற்றிவிட்டு அவன் அறைக்குள் வந்தான்.

"அண்ணே, கொஞ்சம் சிவப்பு கொடுங்க."

"எதுக்கு?"

"வேணும்."

இவனுக்கு இன்னும் என்ன வேணுமாம்! என் சிவப்பையும் விட்டு வைக்க மாட்டானா என்று மனதுக்குள் பொருமிக்கொண்டே சவ்வாஸ் ஒரு கிளிஞ்சலின் அடியில் ஒட்டும் அளவுக்கு ஊற்றிக் கொடுத்தார். அதை மூடிப் பிடித்துக்கொண்டு அவன் கோவில் பக்கம் போனான். விடைபெற்று வரப் போகிறான் என்று நினைத்தார். அரை நாழிகைக்குப் பிறகு கழுதையின் மணிச்சத்தம் மலையிறங்கிப் போனது.

நற்செய்தி நூல் பீடத்தின் மேல் இருந்தது. திருத்தொண்டரும் குருவும் தவிர யாரும் அதைத் தொடக்கூடாது. அந்த வெற்று ஓரம் இராப்பகலாகச் சவ்வாசின் நெஞ்சில் கிடந்தது. அடுத்த பெந்தெகொஸ்தேவுக்கு யாராவது அந்தப் பக்கத்தைத் திறந்தால் போதும், குட்டு வெளிப்பட்டுவிடும். குளிர்காலத்தில் ஆயரின் புத்தகத்துக்குத் தோல் தயாரானதும், பார்த்து எழுதத் தலைவர் அந்த நூலைத்தான் எடுத்துக் கொடுத்தார். சவ்வாசுக்கு உயிர் வந்தது. யோவான் வரும்போது காதும் காதும் வைத்த மாதிரி அந்த ஒரு சொல்லைப் போட்டுவிட்டால் தீர்ந்தது.

மத்தேயு, மாற்கு என்று வரிசையாக முதல் மூன்று நற்செய்தியையும் அந்திமோசின் எழுத்தைப் பார்த்துப் பார்த்து எழுதினார். ஒரு நாளைக்கு இரண்டு பக்கம், வெளிச்சம் நன்றாக இருந்தால் மூன்று. வெறும் அறையில் யாரும் மூக்கால் பாடவில்லை, யாரும் கத்தியை எடுக்கவில்லை. பேனாகூட உடையவில்லை. அதுவே ஒரு எரிச்சலாக இருந்தது. அங்கே பேராலயத்தில் அவன் வாசித்தால் தெருவரைக்கும் கூட்டம் நிற்கிறதாம் என்று வந்து போகிறவர்கள் சொன்னார்கள், அதுவும் எரிந்தது.

தவக்காலத்தின் மூன்றாம் வாரம் அந்தப் பக்கம் வந்தது. சிவப்பைக் கரைத்து வைத்துக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டு, ஏட்டைப் புரட்டினார்.

ஓரத்தில் 'தாண்டு' என்று இருந்தது.

சவ்வாஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். சிவப்பாக, சரியான இடத்தில் இருந்தது. அதுவும் அவருடைய கையில்! கடைசி எழுத்தின் வாலை லேசாக மேலே சுழிக்கும் அவர் வழக்கம்கூட அப்படியே இருந்தது. ஒரு கணம், நான்தான் எழுதினேனோ என்று அவருக்கே சந்தேகம் வந்தது. பிறகு மூக்கு இடிக்கக் குனிந்து பார்த்தார். வால் கொஞ்சம் அழகாகவே இருந்தது, அவரால் முடிவதைவிட அழகாக. மையில் வெள்ளைக்கரு கூடிப்போன பளபளப்பு. அது அவர் கரைத்த சிவப்பு. கிளிஞ்சலின் அடியில் ஒட்டும் அளவுக்குக் கொடுத்த சிவப்பு.

இனி யார் திறந்து பார்த்தாலும் குறி இருக்கும். சவ்வாஸ் எழுதியிருக்கிறார், அந்திமோஸ் பார்க்காமல் விட்டான் என்றுதான் இருக்கும். என்றைக்கும் அப்படித்தான் இருக்கும்.

அவர் எழுந்தார். தலைவர் தோட்டத்தில் மொச்சை நடுவதற்குக் குழி போட்டுக்கொண்டிருந்தார். சவ்வாஸ் குழிகளுக்கு நடுவே போய் நின்று, பேனாவைத் துடைத்து வைத்ததிலிருந்து கிளிஞ்சல்வரை ஒன்று விடாமல் சொன்னார். தலைவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கேட்டார்.

"வயித்து வலின்னு சொன்னீங்களே அண்ணே."

"வயித்தெரிச்சல் சாமி."

"தெரியும். நீங்களா வருவீங்கன்னு பாத்துட்டு இருந்தேன். பத்து மாசம் ஆக்கிட்டீங்க. இப்ப என்ன செய்யணும்கறீங்க?"

"அந்த நூறைக் கொடுங்க."

"எந்த நூறு?"

"அவன் போட்ட நூறு. அது என்னோடது சாமி!" சவ்வாஸ் மண்வெட்டிக் காம்பைப் பிடித்துக்கொண்டார். "என் கறுப்பை எடுத்தான், கொடுத்துட்டுப் போயிட்டான். என் கையெழுத்தையே எடுத்து என்னைவிட அழகாப் போட்டுட்டுப் போயிருக்கான். போகட்டும். என் நூறையும் எடுத்துட்டுப் போனா நான் என்னத்த வச்சுக்கிட்டுச் சாவேன்?"

தலைவர் கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டார். "முழங்கால் தாங்குமா?"

"பேனாவுக்கே தாங்குச்சே."

இருவரும் கோவிலுக்குள் போனார்கள். தவக்காலத்துக் கல்தரை சில்லென்று வெறுமையாகக் கிடந்தது. தலைவர் வாசலில் நின்று எண்ணினார். அறுபதில் சவ்வாசுக்கு மூச்சு வாங்கியது. எழுபத்திரண்டில் விழுந்தவர் எழவில்லை, கையை ஊன்றிப் பார்த்தார், முடியவில்லை.

"போதும் அண்ணே" என்றார் தலைவர். "கடவுள் கணக்குப் பாக்க மாட்டாரு."

சவ்வாஸ் நெற்றியைத் தரையிலிருந்து எடுக்காமலே கேட்டார். "அவன் அன்னைக்கு நடுவுல நிறுத்துனானா?"

"இல்ல."

"அப்ப எண்ணுங்க" என்றார் சவ்வாஸ்.